முதலில் காற்றை எடுங்க, அப்புறம் பட்டனைத் தொடுங்க
(கோவையில் மயக்கவியல் மாணவர்களுக்கும் தியேட்டர் டெக்னீஷியன்களுக்கும் பேசியது)

ஈரோடு, பொள்ளாச்சி, கரூர் என்று பல ஊரிலிருந்து வந்திருக்கிற எல்லோருக்கும் வணக்கமுங்க. இதய ஆபரேஷன் நடுவில், உணவுக்குழாய் வழியாக எடுக்கிற எக்கோ படம் (இதயத்தின் அல்ட்ராசவுண்ட் படம்) மங்கினால் நம்மாட்கள் கை முதலில் போவது கெயினுக்குத்தான், அதாவது படத்தின் வெளிச்சத்தைக் கூட்டுகிற பட்டனுக்குத்தான். அதைக் கூட்டினால் திரை மொத்தமும் வெளுக்கும், வால்வு தெளியாது.

கோளாறு பெரும்பாலும் மெஷினில் இல்லை, நோயாளியின் வயிற்றில் இருக்கிறது. அல்ட்ராசவுண்ட் அனுப்பி வாங்குகிற புரோப்பை உணவுக்குழாய் வழியாக இடது ஏட்ரியத்துக்கு, அதாவது இதயத்தின் இடது மேலறைக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்துகிறோம், சரி. ஆனால் அதற்கு முன்னால் மாஸ்க் வைத்து அழுத்திய காற்றில் கொஞ்சம் இரைப்பைக்குப் போயிருக்கும், அந்தக் காற்றில் பட்ட அல்ட்ராசவுண்ட் ஏறக்குறைய மொத்தமும் திரும்பிவிடும். காற்றுப் பிடித்த கிணற்று மோட்டார் எவ்வளவு ஓடினாலும் தண்ணீர் எடுக்குமா? அதனால் இரைப்பைக்குள் போகிற மெல்லிய குழாயான ரைல்ஸ் டியூப் போட்டுக் காற்றையும் நீரையும் உறிஞ்சுங்கள், டியூபை வெளியே எடுங்கள், அப்புறம் ஜெல் தடவி புரோப்பை இறக்குங்கள். டியூபை உள்ளேயே விட்டால் அதன் நிழலும் படத்தில் விழும். இரைப்பையிலிருந்து பார்க்கும்போது நுனியை முன்பக்கம் மடக்கிச் சுவரோடு ஒட்டவையுங்கள். மடக்கிய நுனியோடு மட்டும் வெளியே இழுத்துவிடாதீர்கள், உணவுக்குழாய் கிழிந்தால் படத்தைப் பற்றிப் பேச யாருக்கும் மனசு வராது.

இனி பட்டன். டெப்த்தை (எவ்வளவு ஆழம் வரை பார்ப்பது) தேவைக்கு மேல் வைக்காதீர்கள், செக்டாரை (படத்தின் விசிறி அகலம்) குறுக்குங்கள், ஃபிரேம் ரேட் (விநாடிக்கு எத்தனை படம்) தானாக ஏறும். பக்கத்தில் இருக்கிற மைட்ரல் வால்வுக்குக் கூடுதல் ஃப்ரீக்வென்சி, தூரத்தில் இருப்பதற்குக் குறைவு.

காட்டரி (மின்சாரத்தால் திசுவை வெட்டி ரத்தக்கசிவை நிறுத்துகிற கருவி) ஓடும்போது திரையில் கோடு கோடாக அடிக்கும். ஈசிஜியும் கெட்டுவிடுவதால் துடிப்பை எண்ணி லூப் (சின்ன வீடியோத் துண்டு) பிடிக்கிற மெஷின் அரைகுறையாகப் பிடிக்கும்; விநாடிக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள். முக்கியமான படம் என்றால், "சார், ஒரு நிமிஷம் காட்டரி நிறுத்துங்க" என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்கக் கூச்சப்படுகிறவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன், நம்ம ஊர் மரியாதை இங்கே வேண்டாமுங்க.

எந்தப் பட்டனுக்கும் மசியாத இடம் ஒன்று உண்டு. ஏறு மகாதமனியின் மேல்பகுதிக்கும் உணவுக்குழாய்க்கும் நடுவில் மூச்சுக்குழாய் வருகிறது, அதற்குள் காற்று. இதய-நுரையீரல் மெஷினோடு இணைக்கிற குழாயான கேனுலா போடப்போவதும் அங்கேதான். ஸ்டெரைல் உறை போட்ட வேறு புரோப்பை சர்ஜன் கையில் கொடுத்து, தமனி மேல் கொஞ்சம் சலைன் ஊற்றி நேராகவே பார்க்கச் சொல்லுங்கள். தமனிச் சுவரில் கால்சியம் படிந்திருப்பது தெரிந்தால், கேனுலாவுக்கு வேறு இடம் தேட அப்போது இன்னும் நேரம் இருக்கும்.