நாரும் நெருப்பும்

அவையில் உள்ள அனைவருக்கும் வணக்கம்.

கனடாவின் மேற்குக் கரையை ஒட்டி ஹைடா குவாய் என்று ஒரு தீவுக்கூட்டம். ஹைடா மக்களின் சொந்த மண். கோடை தொடங்கும்போது அங்கே சீடர் என்ற ஊசியிலை மரத்தில் சாறு ஏறும். உள்பட்டை மரத்தை விட்டு வழுக்கிக்கொண்டு வருவது அந்தச் சில வாரங்களில்தான். பருவம் தப்பினால் ஒட்டிக்கொள்ளும், கிழியும்.

கூடை முடைய இந்த உள்பட்டை நாரை எடுக்கப் போகிறவர் முதலில் மரத்துக்கு நன்றி சொல்கிறார். அடிமரத்தில் இரண்டு கையகலம் வெட்டி, பட்டையை நெம்பி, கையில் பிடித்துக்கொண்டு பின்னால் நடக்கிறார். மேலே போகப் போகப் பட்டை குறுகி, உயரத்தில் தானாகவே அறுந்து விழுகிறது. அந்த மரத்தில் அவ்வளவுதான். இன்னும் வேண்டுமென்றால் அடுத்த மரம். சுற்றிவர உரித்தால் மரம் பட்டுப்போகும் அல்லவா? நூற்றாண்டுகளுக்கு முன் உரித்த தழும்போடு இன்றும் உயிரோடு நிற்கும் சீடர்கள் அந்தக் கரையில் நிறைய உண்டு.

அப்புறம் முரட்டு மேல்பட்டையை நீக்கி, உள்நாரை மடித்துக் கட்டிக் காயவைப்பார்கள். பல மாதம் கழித்துத் தண்ணீரில் ஊறப்போட்டு, மெல்லிய இழைகளாகக் கிழித்த பிறகுதான் கூடையோ பாயோ தொப்பியோ முடையத் தொடங்குவார்கள். எவ்வளவு ஊறினால் போதும் என்பது விரலுக்குத்தான் தெரியும். பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளைக்கு அது வரும்.

அந்தப் பிள்ளையைத்தான் கனடா ஆட்சியாளர்கள் வீட்டிலிருந்து பிரித்தார்கள். விடுதிப் பள்ளிகளில் அடைத்துத் தாய்மொழி பேசினாலே தண்டித்தார்கள். நார் ஆடையும் அணியும் பூண்டு ஊர் கூடும் பாட்லாட்ச் விருந்தை 1885 முதல் 1951 வரை கனடா சட்டம் தடை செய்திருந்தது. 66 ஆண்டுகள்!

அத்தனையையும் தாண்டிக் கலையைக் காத்த கைகளில் ஒன்று செலினா பெரட்ரோவிச் என்ற ஹைடா அம்மையாருடையது. அவர் மகள் டெலோரஸ் சர்ச்சில் கற்றுக்கொள்ள வந்தார். முதல் ஐந்து ஆண்டுகள் மகள் முடைந்த கூடைகளையெல்லாம் எரிக்கச் சொல்லிவிட்டார் தாய். என்னிடம் கற்றதாகச் சொல்வாய், அப்படியானால் நன்றாக இருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு.

முதலில் படித்தபோது எனக்கு மனம் வலித்தது. வாரக்கணக்கில் உட்கார்ந்து முடைந்ததை நெருப்பில் போடுவதா? இப்போது அப்படித் தோன்றவில்லை. சொல்லித்தர விரல்விட்டு எண்ணும்படி சிலரே மிஞ்சிய காலத்தில், குறையோடு ஒரு கூடை வெளியே போனால், பார்த்துப் பழகுகிறவர்கள் அந்தக் குறையையே முறை என்று எடுத்துக்கொள்வார்கள். தாய் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

2006-இல் அமெரிக்க அரசின் தேசிய மரபுக் கலைஞர் விருது டெலோரஸுக்குக் கிடைத்தது. சரி, விருது ஒருபக்கம் இருக்கட்டும். அவருடைய மகள்களும் இன்று நார் முடைகிறார்கள்.