மன்னிச்சாச்சு, ஆனாலும் ஏன் வலிக்குது?

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். நேரா விஷயத்துக்கு வந்துடறேன். எனக்கு வர்ற மெசேஜ்ல திரும்பத் திரும்ப இருக்குற கேள்வி இதுதான்: "மன்னிச்சிட்டேன்னு ஜெபத்துல சொல்லிட்டேன். ஆனா அந்த ஆளைப் பார்த்தாலே பத்திக்கிட்டு வருது. அப்ப நான் மன்னிக்கவே இல்லையா?"

இதுக்கு மத்தேயு 18ஆம் அதிகாரத்துக்குப் போகணும். பேதுரு வந்து, எத்தனை தரம் மன்னிக்கணும், ஏழு தரமான்னு கேக்குறார். ஏழுன்னு சொன்னதே பெரிய மனசுன்னு நெனச்சிருப்பார், பாவம். ஆண்டவர் ஏழெழுபது தரம்னு சொல்லிட்டு ஒரு கதையை ஆரம்பிக்கிறார். ராஜாகிட்ட ஒரு ஊழியக்காரன் பதினாயிரம் தாலந்து கடன் வாங்கியிருக்கான். அவனால திருப்பிக் கட்ட முடியல. அவனையும் அவன் பெண்ஜாதி பிள்ளைகளையும் வித்துக் கடனை அடைக்கச் சொல்லி உத்தரவு. அவன் கால்ல விழுறான், ராஜா மனசு இரங்கி மொத்தத்தையும் தள்ளுபடி பண்றார். வெளியே வர்றவன், தனக்கு நூறு வெள்ளிப்பணம் தரவேண்டிய ஒருத்தனைப் பார்த்ததும் தொண்டையை நெரிக்கிறான்.

இந்தக் கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பாருங்க. ஒரு வெள்ளிப்பணம்னா அந்தக் காலத்துல ஒரு கூலியாளோட ஒரு நாள் சம்பளம். ஒரு தாலந்துன்னா சுமார் 6,000 வெள்ளிப்பணம். அப்ப பதினாயிரம் தாலந்துங்கிறது 6 கோடி நாள் கூலி. வருஷத்துக்கு 300 நாள் வேலைன்னு வெச்சாலும் 2 லட்சம் வருஷம் உழைக்கணும்! பிரசங்கத்துல இந்தப் பக்கத்தை நல்லா விளக்கிடுவாங்க. இன்னொரு பக்கத்தைத்தான் வேகமா தாண்டிடுவாங்க. நூறு வெள்ளிப்பணம்னா நூறு நாள் கூலி. மூணு மாசத்துக்கும் மேல ஒரு குடும்பம் சாப்பிடுற காசு. அது சில்லறை கிடையாது. ஆண்டவர் அந்தத் தொகையை ஒரு வெள்ளிப்பணம்னு சொல்லியிருக்கலாம், சொல்லல. உங்களுக்கு நடந்தது சின்ன விஷயம்னு அவர் எங்கேயும் சொல்லலைங்க. அதனால "அதெல்லாம் ஒண்ணுமில்ல, விடு"ன்னு நீங்களே உங்களைச் சமாதானப்படுத்துறது மன்னிப்பு ஆகாது. கடன் எவ்வளவுன்னு எழுதாம எதை ரத்து பண்ணுவீங்க?

இன்னொண்ணு. அந்த ஊழியக்காரன் அன்னைக்கு எங்க ஓடியிருக்கணும்? வீட்டுக்கு! "நம்மள விக்கப்போறதில்ல"ன்னு பெண்ஜாதிகிட்ட சொல்ல ஓடியிருக்கணும். அரண்மனையை விட்டு வெளியே வந்தவன் கண்ணுல பட்டது அந்த நூறு மட்டும்தான். விடுதலை கையில கிடைச்சும் அவன் ஒரு நிமிஷம்கூட அதை அனுபவிக்கல. கதை முடியும்போது உபாதிக்கிறவங்க கையில இருக்கான். மன்னிக்காத மனசு எப்படி இருக்கும்னு எனக்கு இதைவிடத் தெளிவா யாரும் காட்டினதில்ல.

சரி, வலி ஏன் போகலங்கிறதுக்கு வர்றேன். கோரி டென் பூம்னு ஒரு டச்சு அம்மா. இரண்டாம் உலகப்போர்ல யூதர்களை வீட்டுல ஒளிச்சு வெச்சதுக்காக 1944ல குடும்பத்தோட கைதானாங்க. அப்பா சிறையில இறந்துட்டார். அக்கா பெட்ஸி, இவங்களையும் சேர்த்து அடைச்சு வெச்சிருந்த ராவன்ஸ்புரூக்ங்கிற நாஜி வதைமுகாம்ல இறந்துட்டாங்க. போர் முடிஞ்சு, 1947ல ம்யூனிக்ல ஒரு சபையில தேவனுடைய மன்னிப்பைப் பத்திப் பேசி முடிக்கிறாங்க. கூட்டத்துலருந்து ஒரு ஆள் நேரா வர்றான். அந்த முகாம்ல காவலாளியா இருந்தவன்! இவங்களுக்கு முகம் ஞாபகம் இருக்கு. கையை நீட்டி, "என்னை மன்னிப்பீங்களா?"ன்னு கேக்குறான். அப்பதான் மன்னிப்பைப் பத்திப் பேசி முடிச்ச அம்மாவுக்குக் கை எழும்பல. கைப்பையைத் துழாவுற மாதிரி நிக்கிறாங்க. கடைசியில, "கையைத் தூக்குறது மட்டும் என்னால முடியும், அந்த உணர்வை நீர் கொடும்"னு உள்ளுக்குள்ள ஜெபிச்சு, மரக்கட்டை மாதிரி கையை நீட்டினாங்களாம். அன்பு அதுக்கப்புறம்தான் வந்துச்சுன்னு அவங்களே சொல்லியிருக்காங்க. வரிசையைக் கவனிங்க: முதல்ல தீர்மானம், கை, அப்புறம்தான் மனசு. உங்களுக்கு மனசு இன்னும் வந்து சேரலன்னா தீர்மானம் பொய்யின்னு அர்த்தமில்ல. அன்னைக்கு நீட்டின கையை நாளைக்கும் நீட்டவேண்டி வரலாம், அவ்வளவுதான். ஏழெழுபதுல பாதி ஒரே காயத்துக்கே போயிடும்னு எனக்கு ஒரு சந்தேகம்.

இப்ப கோபமா ஒண்ணு சொல்லணும். வீட்டுல அடி வாங்குற பொண்ணுகிட்ட, "நீ விசுவாசிதானே, மன்னிச்சிட்டுப் போய் வாழும்மா"ன்னு சொல்றவங்க சபைகள்ல இருக்காங்க. தயவுசெஞ்சு அப்படிச் சொல்லாதீங்க. மன்னிக்கிறது வேற, நம்புறது வேற. ஆதியாகமத்துல யோசேப்பைப் பாருங்க. சின்ன வயசுல தன்னை அடிமையா வித்த அண்ணன்மார் பின்னாடி தானியம் வாங்க வந்தப்ப, "நான்தான் யோசேப்பு"ன்னு உடனே சொல்லல. சிமியோனைப் பிடிச்சு வெச்சார், பென்யமீனோட சாக்குல வெள்ளிப் பாத்திரத்தை வெச்சு சோதிச்சுப் பார்த்தார். தம்பிக்குப் பதிலா நான் அடிமையா இருக்கேன்னு யூதா முன்னால வந்தப்பதான் அடக்கமாட்டாம அழுதார். நடுவுல தனியா போயும் அழுதிருக்கார். அவருக்குள்ள கசப்பு இல்ல, ஆனா அவசரமும் இல்ல.

சட்டமும் அப்படித்தான். 1981 மே 13ல போப் இரண்டாம் ஜான் பாலைச் சுட்டாங்க. நாலே நாள்ல ஆஸ்பத்திரியிலருந்தே மன்னிச்சதா சொன்னார். 1983 டிசம்பர்ல சிறைக்கே போய், சுட்டவன் பக்கத்துல உட்கார்ந்து பேசினார். ஆனா அந்த ஆள் 2000 வரைக்கும் இத்தாலிச் சிறையிலதான் இருந்தான். புகார் கொடுக்கவேண்டியதைக் கொடுங்க. அது உங்க மன்னிப்பைக் கெடுக்காது.

"அவங்க மன்னிப்பே கேக்கலையே"ன்னு கேக்குறவங்களுக்கு: சிலுவையில "பிதாவே, இவர்களுக்கு மன்னியும்"னு ஆண்டவர் சொன்னப்ப, அவரைச் சிலுவையில அறைஞ்சவங்க யாரும் மன்னிப்புக் கேட்டு அழுதுட்டு நிக்கல. வஸ்திரத்துக்குச் சீட்டுப் போட்டுட்டு இருந்தாங்க. அவங்க கேக்குறவரைக்கும் காத்திருந்தா, உங்க நிம்மதியை அவங்க கையில கொடுத்துட்டு நிப்பீங்க.

இந்த வாரம் ஒரு பேப்பர் எடுத்து, யார், என்ன செஞ்சாங்க, அதனால எனக்கு என்ன போச்சுன்னு மறைக்காம எழுதுங்க. யாருக்கும் காட்டவேணாம். அதை வெச்சு, பேரைச் சொல்லி ஜெபிங்க. தன்னைத்தானே மன்னிக்க முடியலங்கிறவங்களுக்கு இது பத்தாது, தெரியும். அதுக்குத் தனியா ஒரு வீடியோ போடுறேன்.