ஆர்க்கிடெக்ட் இல்லாவிட்டால் என்ன விழும்?

("நல்ல கட்டடத்துக்குப் பெரிதும் காரணம் இன்ஜினியரின் கணக்கா, ஆர்க்கிடெக்டின் கற்பனையா?" என்ற பட்டிமன்றத்தில், கற்பனையே என்ற அணிக்காகப் பேசியது.)

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். நேரம் குறைவு, நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன் போகிற போக்கில் ஒரு கேள்வியை வீசிவிட்டுப் போனார். "இன்ஜினியர் இல்லாவிட்டால் கட்டடம் விழும். ஆர்க்கிடெக்ட் இல்லாவிட்டால் என்ன விழும்?" நீங்களும் கை தட்டினீர்கள். நானும் தட்டினேன்.

என்ன விழும்? நான் விழுந்தேன் ஐயா!

உறவினர் ஒருவர் வீடு கட்டினார். ஆர்க்கிடெக்டுக்கு எதற்குத் தண்டச் செலவு என்று, அவரே ஒரு தாளில் கட்டம் போட்டு அறை பிரித்துவிட்டார். அஸ்திவாரம், கம்பி, காங்கிரீட் எல்லாம் இன்ஜினியர் கணக்கு. அதில் ஒரு குறை சொல்ல முடியாது. அங்கே ஒரு ராத்திரி தங்கினேன். நடு ராத்திரியில் பாத்ரூம் போகிற அவசரம். கதவைத் திறந்தால் கும்மிருட்டு. வலது பக்கச் சுவரைத் தடவினேன், சுவிட்ச் இல்லை. இடது பக்கம் தடவினேன், இல்லை. வெளியே வந்து தடவினேன், அங்கேயும் இல்லை. வீட்டுக்காரர் படுக்கையிலிருந்தே குரல் கொடுக்கிறார்: "மாப்பிள்ளை, உள்ளே போய்க் கதவைச் சாத்துங்க. சுவிட்ச் கதவுக்குப் பின்னாடி இருக்கு!"

யோசித்துப் பாருங்கள். வெளிச்சம் வேண்டுமென்றால் முதலில் இருட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும்! சரி, அவசரம் என்னுடையது. ஒரு காலை உள்ளே வைத்தேன். அடுத்த குரல் வருகிறது: "பார்த்து, உள்ளே ஒரு படி இறங்கும்!" அந்தத் தகவல் வந்து சேர்வதற்குள் நான் போய்ச் சேர்ந்துவிட்டேன். மனுஷன் ஓடி வந்தார். முதலில் டைல்ஸ் உடைந்ததா என்று பார்த்தார். அப்புறம்தான் என்னைப் பார்த்தார். என்னைத் தூக்கிவிட்டுக்கொண்டே பெருமையாகச் சொல்கிறார்: "பூகம்பம் வந்தாலும் இந்த வீடு அசையாது மாப்பிள்ளை!" உண்மைதான். வீடு அசையவில்லை. அசைய முடியாமல் கிடந்தது நான்தான்.

அண்ணன் இன்னொன்றும் கேட்டார்: "படம் வரையவா ஐந்து வருஷப் படிப்பு?" பிளானில் கதவு இருக்கிற இடத்தில் கால் வட்டமாக ஒரு கோடு இருக்கும், பார்த்திருக்கிறீர்களா? கதவு எந்தப் பக்கம் திறக்கும், எவ்வளவு இடத்தை அடைக்கும் என்று சொல்கிற கோடு அது. அதைப் போட்டவர் கட்டாத வீட்டுக்குள் மனதாலேயே நடந்து பார்த்துவிட்டார், சுவிட்ச் எந்தக் கைக்கு எட்டும் என்பது உட்பட. மாடிப்படியில் ஒரு படியின் உயரத்தை இரண்டால் பெருக்கி, மிதிக்கிற அகலத்தைக் கூட்டுங்கள். 60 முதல் 64 சென்டிமீட்டர் வந்தால் கால் வலிக்காது. மனிதன் எட்டு வைக்கும் தூரத்தைக் கொண்டு, பிரான்ஸ் நாட்டு ஆர்க்கிடெக்ட் பிரான்சுவா பிளாண்டல் 17ஆம் நூற்றாண்டிலேயே வகுத்த கணக்கு இது. சக்கர நாற்காலி திரும்ப 1.5 மீட்டர் வட்டம் வேண்டும். எங்களிடமும் கணக்கு இருக்கிறது அண்ணே! உங்கள் கணக்கு கம்பிக்கு, எங்கள் கணக்கு காலுக்கு.

ராத்திரி முழுக்க விழித்து, அட்டையில் மாடல் வெட்டி, விரலில் பசையோடு, மதிப்பெண் போடுகிற ஜூரி முன்னால் நிற்பான் ஆர்க்கிடெக்சர் மாணவன். "மழைத் தண்ணீர் எங்கே போகும்?" என்ற ஒரே கேள்வியில் மாடலைப் பிரித்துப் போட்டுவிடுவார்கள். அப்புறம் பயிற்சி, பல நாடுகளில் பதிவுத் தேர்வு. அதற்கும் அப்புறம் நிஜமான பரீட்சை: கணவனும் மனைவியும் எதிரே உட்கார்ந்து ஆளுக்கொரு வீட்டைக் கேட்பார்கள். மனை ஒன்றுதான்!

சிரித்தது போதும். சிட்னி ஓபரா ஹவுஸ் படத்தைப் பார்க்காதவர் இங்கே இருக்கிறீர்களா? 1957இல் அதன் வடிவமைப்புப் போட்டியில் வென்றவர் டென்மார்க் ஆர்க்கிடெக்ட் யோர்ன் உட்சன். அந்தக் கூரையைக் கட்டும் வழி தெரியாமல் வருஷக் கணக்கில் திணறினார்கள். கூரையின் எல்லா வளைவுகளையும் ஒரே கோளத்திலிருந்து வெட்டலாம் என்று 1961இல் வழி சொன்னவரும் அவர்தான். ஆனால் அரசோடு தகராறு. 1966இல் விலகி, குடும்பத்தோடு கிளம்பிவிட்டார். 1973இல் திறப்பு விழா. அவர் அங்கே இல்லை. பிறகு சமாதானமாகி, 1999இல் மறுபடியும் ஆலோசனைக்கு அழைத்தார்கள். மகனை அனுப்பினார், தான் போகவில்லை. உள்ளே ஓர் அறைக்கு அவர் பெயரையே வைத்தார்கள். அதையும் பார்க்கவில்லை. முடிந்த கட்டடத்தை ஒரு தடவைகூட நேரில் பார்க்காமல் 2008இல் கண்ணை மூடிவிட்டார்.

"அதை நிற்க வைத்தது ஓவ் அரூப் நிறுவனத்தின் இன்ஜினியர்கள்தானே?" என்று அண்ணன் எழுந்து கேட்பார். ஆமாம் அண்ணே, அவர்கள்தான். நான் எங்கே மறுத்தேன்? ஆனால் பெற்ற பிள்ளையை ஊரெல்லாம் கொஞ்ச, பெற்றவர் மட்டும் முகம் பார்க்காமல் 42 வருஷம் இருந்தாரே! நடுவர் அவர்களே, எங்கள் வாதத்துக்காக வேண்டாம், அந்த மனுஷனுக்காகத் தீர்ப்பை எங்கள் பக்கம் சொல்லுங்கள்.

மணி அடித்துவிட்டார்கள். நன்றி, வணக்கம்.