உங்கள் லொஃப்டில் என்ன கிடக்கிறது?

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, தமிழ் விளங்காவிட்டாலும் சிரிக்க வேண்டிய இடத்தில் சரியாகச் சிரிக்கும் துணை மேயர் அவர்களே, மங்கல விளக்கேற்றிய மூத்த வைத்தியர் அம்மா அவர்களே, வாடகை வாங்காமல் இந்த மண்டபத்தைத் தந்த கோயில் அறங்காவலர்களே, என்னிடம் சனிக்கிழமைப் பள்ளியில் படித்ததாகச் சொல்லி எனக்குப் பத்து வயது கூட்டிவிட்ட செயலாளர் தம்பி அவர்களே, கதவருகே நின்று றோல்ஸ் எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருக்கும் நண்பர்களே, தாய்மாரே, எல்லோருக்கும் வணக்கம். போன வருடம் பொருளாளரை விட்டுவிட்டேன். அவர் இன்னும் என்னோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. ஆகவே பொருளாளர் அவர்களே, உங்களுக்குத் தனியாக ஒரு வணக்கம்.

பழைய பிரிட்டிஷ் தொலைக்காட்சியையும் ரொக் இசையையும் பற்றிப் பேசச் சொன்னார்கள். மூன்று விடயம் சொல்லப்போகிறேன். ஒன்று, அந்த நிகழ்ச்சிகளில் அப்படி என்ன இருந்தது. இரண்டு, அவை எப்படி அழிந்தன. மூன்று, ரொக் இசை நம் பிள்ளைகளின் காதை என்ன செய்தது. மூன்றாவதைப் பற்றிப் பன்னிரண்டு பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். தொடங்குமுன் ஒரு பழமொழி. என் வீட்டில் இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது என்கிறார்கள். சிறு துரும்பும் பல் குத்த உதவும். இதை மனதில் வைத்திருங்கள்.

நான் 1974இல் கணக்கியல் படிக்க லண்டனுக்கு வந்து, டூட்டிங்கில் மாமா வீட்டில் தங்கினேன். முன்னறையில் ஒரு கறுப்பு வெள்ளை ரீவி. 1975இல் கலர் பெட்டி வைத்திருந்தால் லைசென்ஸ் வருடத்துக்கு 18 பவுண், கறுப்பு வெள்ளை என்றால் 8 பவுண். அந்தப் பத்துப் பவுணை மிச்சம் பிடித்ததில் மாமாவுக்கு அப்படி ஒரு பெருமை. "உலகம் கலரிலதான் கிடக்கு எண்டு எனக்குத் தெரியும். அதைப் பார்க்க ஏன் காசு குடுக்கவேணும்?" என்பார். ஆகவே நான் முதலில் கண்ட இங்கிலாந்து சாம்பல் நிறம். யன்னலுக்கு வெளியே பார்த்தாலும் பெரும்பாலும் அதே நிறம்தான்.

அந்தப் பெட்டியில்தான் ஃபோல்ட்டி டவர்ஸ் பார்த்தோம். டோர்க்கி ஊரில் ஒரு விடுதி, அதை நடத்தத் தெரியாத முதலாளி. ஜோன் கிளீஸும் கொனி பூத்தும் எழுதினார்கள். 1975இல் ஆறு பகுதி, 1979இல் ஆறு பகுதி, மொத்தம் பன்னிரண்டே பகுதிகள். இன்றைக்கு நம் தொடர்களில் பன்னிரண்டு பகுதிக்குள் மாமியார் மாடிப்படி இறங்கி முடிக்க மாட்டார். இந்தப் பன்னிரண்டை வைத்துக்கொண்டு ஒரு நாடு ஐம்பது வருடமாகச் சிரிக்கிறது. விருந்தாளியை அவமதிக்கும்போதும் குரலை உயர்த்தாமல் அவமதிப்பது எப்படி என்று, அலுவலகத்துக்குப் போவதற்கு முன்பே எனக்குச் சொல்லித் தந்தது அந்தத் தொடர்தான். பிறகு மிகவும் பயன்பட்டது.

வியாழக்கிழமை மாலை என்றால் டொப் ஒஃப் த பொப்ஸ், அந்த வாரம் கூட விற்ற பாட்டுகளைப் போடும் பி.பி.சி. நிகழ்ச்சி. 1964 ஜனவரி முதலாம் திகதி மான்செஸ்டரில், ஸ்டூடியோவாக மாற்றிய ஒரு பழைய தேவாலயத்தில் தொடங்கிய நிகழ்ச்சி அது. 2006 வரை ஓடியது. மச்சானுக்கு, அதாவது மாமாவின் மகனுக்கு, அப்போது பதினைந்து வயது. அவனுக்கு அது பூசை மாதிரி. பூசைக்குரிய கட்டுப்பாடுகளும் இருந்தன. வீட்டில் ஒரு கசெட் ரெக்கோடர் உண்டு. ரீவியிலிருந்து நேராக வயர் கொடுத்துப் பதியும் வசதியெல்லாம் கிடையாது. மைக்கைத் தலையணை உறையில் சுற்றி, ஸ்டூலில் வைத்து, ஸ்டூலை ரீவிக்கு முன்னால் தள்ளி வைப்பான். அதற்குப் பிறகு வீட்டில் ஊரடங்கு. கதவு திறக்கக் கூடாது. குழாய் திறக்கக் கூடாது. மாமாவுக்கு இருமல் என்பதால் அவர் மாடிப்படிக்கு நாடு கடத்தப்படுவார்.

1975 டிசம்பர். குயீன் குழுவின் பொஹீமியன் ராப்ஸடி முதலாம் இடத்தில் இருந்தது, ஒன்பது வாரம் அங்கேயே குந்தியிருந்த பாட்டு. ஆறு நிமிடத்துக்கு ஐந்து விநாடி குறைவு. மச்சான் பட்டனை அழுத்தினான். நான் மூச்சை அடக்கிக்கொண்டு கதிரையில் இருக்கிறேன். குசினியில் மாமி. அன்றைக்கென்று பார்த்துச் செத்தல் மிளகாய் வறுக்கிறார்.

வறுத்த மிளகாய்ப் புகை பூட்டிய ஆங்கிலேய வீட்டுக்குள் எப்படிப் பரவும் என்று இங்கே இருக்கும் எவருக்கும் நான் விளக்கத் தேவையில்லை. துணை மேயருக்குப் பிறகு சொல்கிறேன். மூக்கு எரிகிறது, கண் எரிகிறது, தொண்டைக்குள் நெருப்பு. இருமினால் மச்சான் கொன்றுவிடுவான். மாடிப்படியில் மாமா வாய்க்குள் துவாயைத் திணித்துக்கொண்டு முகம் சிவந்து போயிருக்கிறார். பாட்டு மெல்ல நகர்ந்து, அந்த நாடக மேடைப் பகுதிக்கு வருகிறது. நான்கு தலைகள் இருட்டில் தெரிகின்றன. ஆளுக்கு ஆள் "மாமா மியா, மாமா மியா" என்று உச்சக் குரலில் கூப்பிடுகிறார்கள்.

குசினிக் கதவு திறந்தது. மாமி கையில் அகப்பையோடு நிற்கிறார். "ஆரடா மாமியா மாமியா எண்டு கத்துறது? வாறன்தானே!"

அடுத்த கணம் மாடிப்படியில் மாமாவின் துவாய் வெடித்தது. நானும் விட்டுவிட்டேன். மாமி எங்களைப் பார்க்கவில்லை, திரையைப் பார்த்தார். "ஆர் இந்தப் பெடியன்? எங்கட பக்கத்து ஆள் மாதிரிக் கிடக்கு." மச்சான் ஸ்டொப் பட்டனை ஓங்கி அடித்தான். இரண்டு நாள் யாரோடும் கதைக்கவில்லை. மாமி வடை சுட்டுக் கொடுத்த பிறகுதான் சாப்பிட வந்தான்.

மாமி சொன்னது சரிதான். ஃப்ரெடி மெர்க்குரியின் வீட்டுப் பெயர் ஃபரூக் பல்சாரா. பார்சிக் குடும்பம், பிறந்தது சான்சிபாரில், படித்தது பம்பாய்க்குக் கிட்ட பஞ்ச்கனியில் விடுதிப் பள்ளியில். முகத்தைப் பார்த்து ஊர் சொல்வதில் மாமியை யாரும் வென்றதில்லை.

சரி, இரண்டாவதுக்கு வருவோம். தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பது தெரிகிறது.

மச்சானின் கசெட் கெட்டால் என்ன, பி.பி.சி.யிடம் நல்ல பிரதி இருக்கும்தானே என்று நினைப்பீர்கள். குயீன் படம் தனியாக எடுத்துக் கொடுக்கப்பட்டதால் தப்பியது. மற்றவற்றின் கதை வேறு. அந்தக் காலத்து ஒளிநாடா இரண்டு அங்குல அகலம், சரியான விலை, ஆனால் அழித்துவிட்டுத் திரும்பப் பாவிக்கலாம். நடிகர் சங்க ஒப்பந்தப்படி ஒரு நிகழ்ச்சியை நினைத்தபடி மறுஒளிபரப்புச் செய்யவும் முடியாது. 1967இல் பி.பி.சி. இரண்டு கலருக்கு மாறியது, 1969இல் பி.பி.சி. ஒன்று. கறுப்பு வெள்ளையை இனி யார் பார்க்கப் போகிறார்கள்? அழி, திரும்பப் பதி. ஒரு பிரிவு நாடாவை அழித்தது. வெளிநாட்டுக்கு விற்கும் பிரிவு ஃபிலிம் பிரதியை வீசியது. அவன் வைத்திருப்பான் என்று இவன், இவன் வைத்திருப்பான் என்று அவன். எழுபதுகளின் கடைசி வரை இது நடந்தது. இதில் கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. எல்லோரும் சிக்கனமாக, ஒழுங்காகத் தங்கள் வேலையைச் செய்தார்கள்.

1969 ஜூலையில் மனிதன் சந்திரனில் இறங்கிய இரவு, பி.பி.சி. ஸ்டூடியோவில் பிங்க் ஃபுளொய்ட் குழு அந்தக் கணத்துக்காக நேரடியாக வாசித்தது. அந்தப் படம் இன்று கிடையாது. சந்திரன் படம் இருக்கிறது, டூட்டிங்கிலிருந்து பஸ்ஸில் போகக்கூடிய தூரத்தில் எடுத்த படம் இல்லை! டாட்ஸ் ஆர்மி என்ற நகைச்சுவைத் தொடரின் 80 பகுதிகளில் மூன்று இன்னும் கிடைக்கவில்லை. டொக்டர் ஹூ என்ற விஞ்ஞானக் கற்பனைத் தொடர் 1963 நவம்பர் 23இல் தொடங்கியது. முதல் ஆறு வருடத்தில் 253 பகுதிகள். 2013இல் நைஜீரியாவில் ஜோஸ் என்ற ஊரில் ஒன்பது பகுதிகளின் ஃபிலிம் சுருள் கிடைத்ததாக அறிவித்தார்கள். உலகமே கொண்டாடியது. அதற்குப் பிறகும் 97 பகுதிகள் கிடைக்காமல் இருந்தன.

97. யாழ்ப்பாணத்தாருக்கு அந்த எண் வேறொன்றை நினைவூட்டும். 1981இல் எரிந்த நம் நூலகத்தில் ஏறக்குறைய 97,000 நூல்கள். இரண்டையும் ஒரே தராசில் வைக்க நான் வரவில்லை. ஒன்று கொளுத்தியது, மற்றது பராக்காக இருந்து தொலைத்தது. என்றாலும் இந்த 97ஐ முதலில் வாசித்த அன்று எனக்கு நித்திரை வரவில்லை.

ஆனால் கேளுங்கள். அந்தக் காணாமல் போன 97 பகுதிகளுக்கும் ஒலி இருக்கிறது, ஒன்று விடாமல். எப்படி? மச்சான் மாதிரிப் பெடியன்கள் நாட்டில் பல வீடுகளில் ரீவிக்கு முன்னால் மைக் வைத்துப் பதிந்திருக்கிறார்கள். அவர்கள் வீட்டிலும் யாராவது இருமியிருப்பார்கள். சிறு துரும்பும் பல் குத்த உதவும்.

டேவிட் போவி 1973 ஜனவரியில் டொப் ஒஃப் த பொப்ஸில் ஜீன் ஜீனி பாடினார். பி.பி.சி. அதை அழித்துவிட்டது. அன்று கமரா பிடித்த ஜோன் ஹென்ஷோல், தான் செய்த மீன்கண் லென்ஸ் எப்படிப் படம் எடுக்கிறது என்று காட்ட ஒரு பிரதி கேட்டு வாங்கி வைத்திருந்தார். எல்லோரிடமும் இருக்கும் என்று நினைத்து வீட்டில் போட்டுவிட்டார். உலகத்திலேயே அது ஒன்றுதான் என்பது வெளியில் தெரிந்தது 2011இல். அந்த நத்தாருக்கு பி.பி.சி. அதைத் திரும்ப ஒளிபரப்பியது, அவரிடம் வாங்கி!

இங்கேதான் என் விண்ணப்பம். துணை மேயர் அவர்களே, இதைச் செயலாளர் மொழிபெயர்த்துச் சொல்வார். உங்கள் நூலகத்தில் மாதம் ஒரு சனிக்கிழமை ஓர் அறை தாருங்கள். வேறொன்றும் வேண்டாம். கசெட் பிளேயர் இரண்டும் வீடியோ பிளேயர் ஒன்றும் நானே கொண்டுவருகிறேன். வீடியோ ரெக்கோடர் செய்த கடைசிக் கம்பனி 2016 ஜூலையில் கடையை மூடிவிட்டது. இருக்கும் மெசின்கள் பழுதானால் திருத்த உதிரிப்பாகம் இல்லை. நாடாவும் நமக்காகக் காத்திருக்காது, பூஞ்சணம் பிடிக்கும், ஒட்டிக்கொள்ளும்.

தாய்மாரே, உங்கள் லொஃப்டில் என்ன கிடக்கிறது? அரங்கேற்ற வீடியோ இருக்கும். கலியாண வீடியோ இருக்கும், முதல் அரைமணி நேரம் ரோசாப் பூவுக்குள் மாப்பிள்ளை முகம் சுற்றும். ஊரிலிருந்து வந்த கசெட் கடிதங்கள் இருக்கும். பி.பி.சி.யின் தமிழ் வானொலி தமிழோசையை யாராவது ரேடியோவுக்குப் பக்கத்தில் மைக் வைத்துப் பதிந்திருப்பீர்கள். 1941இல் இதே லண்டனில் தொடங்கி, சோ. சிவபாதசுந்தரம் பெயர் வைத்து, 2017 வரை வானொலியில் ஒலித்தது. அதில் உங்கள் வீட்டில் மட்டும் கிடக்கும் அரைமணி நேரம் எது என்று யாருக்குத் தெரியும்? வீசாதீர்கள். சிறு துரும்பும்... நன்றி, பின் வரிசைப் பிள்ளைகள் முடித்துவிட்டார்கள்.

தலைவர் துண்டு அனுப்பியிருக்கிறார், இரண்டு நிமிடம். ஆகவே மூன்றாவது விடயம் அடுத்த வருடம். அந்தப் பன்னிரண்டு பக்கத்தைச் செயலாளரிடம் கொடுக்கிறேன், மலரில் போடுவார்.

ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்ள வேண்டும். பி.பி.சி.யை இவ்வளவு ஏசிய நானும் அழித்தவன்தான். 1975இல் மச்சான் பதிய வெறும் கசெட் இல்லை. புதிது வாங்க என்னிடம் காசும் இல்லை. அப்பா சாவகச்சேரியிலிருந்து ஒரு கசெட்டில் பேசி அனுப்பியிருந்தார். இரண்டு தரம் கேட்டாயிற்றுத்தானே என்று நானே எடுத்துக் கொடுத்தேன். அப்பாவின் குரலுக்கு மேலேதான் குயீன் பதிந்தது. அடுத்த வருடம் அப்பா இல்லை. வேறு கசெட்டும் அவர் அனுப்பவில்லை.

போன மாசி மாதம் மாமியின் சாமான்களை ஒதுக்கும்போது மச்சான் அந்தக் கசெட்டைக் கொண்டுவந்து தந்தான். போட்டுக் கேட்டேன். பாட்டு, "வாறன்தானே", இருமல், எங்கட பக்கத்து ஆள், பிறகு மச்சான் அடித்த ஸ்டொப் பட்டன். டக். அதற்குப் பிறகு நாடா பழையபடி அப்பாவுக்கு வந்துவிடுகிறது. கிணற்றில் தண்ணீர் வற்றியதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார், நான்கு நிமிடம். மாமி அன்றைக்குக் கதவைத் திறக்காமல் இருந்திருந்தால், மச்சான் நிகழ்ச்சி முடியும்வரை பதிந்திருப்பான்.

போனில் ஏற்றிக் கொண்டுவந்திருக்கிறேன். ஒலிபெருக்கித் தம்பி, இந்த வயரைச் செருகு. றோல்ஸ் கொண்டுவருகிறவர்கள் ஒரு நிமிடம் கதவடியில் நில்லுங்கள், தட்டுச் சத்தம் வேண்டாம். இருமுகிறவர்கள் இருமலாம்.