பிள்ளையை இரத்தசாட்சி ஆக்கலாமா?

[திரையில்: குளிர்கால இரவு, பழைய அமெரிக்க நகரத்தின் நாற்சந்தி, ஒற்றைத் தெருவிளக்கு]

1941 டிசம்பர் 18. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பிராக்டன் நகரம். இரவு எட்டே முக்கால் மணி. நடைபாதையில் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி நிற்கிறாள். தோளில் ஒரு கித்தான் பை. அதன்மேல் இரண்டு பத்திரிகைகளின் பெயரும், பிரதி ஐந்து சென்ட் என்ற விலையும் எழுதியிருக்கின்றன. வருகிறவர் போகிறவர் கண்ணில் படும்படி கையில் பிரதிகளைப் பிடித்திருக்கிறாள். இருபதடி தள்ளி, அவளை வளர்க்கும் உறவுக்காரப் பெண் இன்னொரு பக்கமாக நிற்கிறார்.

அன்று அவளையும் தன் பிள்ளைகளையும் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகத்தான் அந்தப் பெண் நினைத்தார். பிள்ளைகள் அழுது அடம் பிடித்தார்கள். மனம் இளகிக் கூட்டி வந்துவிட்டார். ஏற்கெனவே எச்சரித்திருந்த அதிகாரி ஒருவர் வந்து, இந்த நேரத்தில் இந்தப் பிள்ளைக்குத் தெருவில் என்ன வேலை என்று கேட்டார். கடவுள் கொடுத்த உரிமையின்படி அவள் ஊழியம் செய்கிறாள், இதைத் தடுக்க யாருக்கும் அதிகாரம் இல்லை என்று அந்தப் பெண் பதில் சொன்னார்.

அவர்கள் யெகோவாவின் சாட்சிகள். நம் ஊர் பஸ் நிலையங்களில் இவர்களைப் பார்த்திருப்பீர்கள். ஒரு சிறிய தாங்கியில் புத்தகங்களை அடுக்கி வைத்துவிட்டு, யாரையும் கூவி அழைக்காமல் பக்கத்தில் நிற்பார்கள். தாங்கியில் 'காவற்கோபுரம்' இருக்கும், 'விழித்தெழு!' இருக்கும். அந்தச் சிறுமியின் கையில் இருந்தவையும் இவைதான். 'விழித்தெழு!' அப்போது வேறு பெயரில் வந்துகொண்டிருந்தது.

பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பையன்களும் பதினெட்டு வயதுக்குட்பட்ட பெண்களும் தெருவில் பத்திரிகை விற்கக் கூடாது என்பது அந்த மாநிலத்தின் சட்டம். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. பிரின்ஸ் எதிர் மாசசூசெட்ஸ் என்று சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கும் வழக்கு இதுதான். 1944 ஜனவரி 31 அன்று அந்தப் பெண்ணுக்கு எதிராக வந்த தீர்ப்பில் நீதிபதி ரட்லெட்ஜ் எழுதிய ஒரு வாக்கியம், பிறகு உலகெங்கும் எடுத்தாளப்பட்டது. அதன் சாரத்தைத் தமிழில் சொல்கிறேன்: "பெற்றோர் தாங்கள் இரத்தசாட்சிகளாக ஆக விரும்பினால் ஆகலாம். ஆனால், விவரம் தெரிந்து தாங்களே முடிவெடுக்கும் வயதைப் பிள்ளைகள் அடைவதற்கு முன்பே அவர்களை இரத்தசாட்சிகளாக்க அவர்களுக்கு உரிமை இல்லை."

இரத்தசாட்சி என்பது விசுவாசத்துக்காக உயிரைக் கொடுத்தவருக்குத் தமிழ்க் கிறித்தவர்கள் வைத்த பெயர். அந்தச் சொல்லுக்குள்ளேயே இரத்தமும் இருக்கிறது, சாட்சியும் இருக்கிறது. இந்தக் கதை எங்கே போய் நிற்கிறது என்பதைப் பார்க்கும்போது, நம் மொழி இதை முன்பே அறிந்துவைத்திருந்ததோ என்றுகூட எனக்குத் தோன்றியதுண்டு.

என் கருத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்த வாக்கியம் சரி. அது எழுதப்பட்ட வழக்குதான் அதற்குப் பொருந்தவில்லை. கூடவே பெரியவர் ஒருவர் நிற்க, பத்திரிகை பிடித்துக்கொண்டிருந்த சிறுமிக்கு என்ன கெட்டுவிட்டது? நீதிபதி மர்ஃபி தன் மாறுபட்ட தீர்ப்பில் இதைத்தான் கேட்டார். அந்த இரவால் அவளுக்குத் தீங்கு நேர்ந்ததாக எந்த ஆதாரமும் காட்டப்படவில்லை. வேண்டாம் என்று தோன்றினால் அவள் மறுநாளே பையைக் கழற்றி வைத்துவிடலாம்.

[திரையில்: தொங்கும் இரத்தப் பை, சொட்டுச் சொட்டாக இறங்கும் குழாய்]

தீர்ப்பு வந்த மறு ஆண்டு, 1945 ஜூலையில், அதே காவற்கோபுரம் பத்திரிகை ஒரு புதிய போதனையை வெளியிட்டது: பிறர் இரத்தத்தை உடலில் ஏற்றிக்கொள்வது கடவுளின் கட்டளைக்கு விரோதம். ஆதியாகமம், லேவியராகமம், அப்போஸ்தலர் நடபடிகள் 15ஆம் அதிகாரம் ஆகியவற்றில் இரத்தத்தை விலக்கச் சொல்லும் வசனங்களே ஆதாரம். அவை உண்பதைப் பற்றிச் சொல்கின்றன என்று மற்ற சபைகள் கருதுகின்றன. இரத்தநாளம் வழியாக ஏறினாலும் உடலுக்குள் போவது போவதுதானே என்கிறார்கள் சாட்சிகள்.

இவர்களை எளிதாக எடைபோட்டுவிடக் கூடாது. ஹிட்லருக்கு வணக்கம் செலுத்த மாட்டோம், துப்பாக்கி ஏந்த மாட்டோம் என்று சொன்னதற்காக நாஜி வதைமுகாம்களில் ஊதா முக்கோணம் தைத்த சட்டையோடு செத்தவர்கள் இவர்கள். வளர்ந்த ஒருவர் "எனக்கு இரத்தம் வேண்டாம்" என்று கையெழுத்திட்ட அட்டையைச் சட்டைப்பையில் வைத்திருந்தால், மருத்துவர் அதை மதிக்கத்தான் வேண்டும். அந்த மறுப்பால் மருத்துவமும் வளர்ந்தது. அமெரிக்காவின் ஹூஸ்டனில் இதய அறுவை மருத்துவர் டென்டன் கூலியின் குழு, இந்தச் சபையைச் சேர்ந்த 542 பேருக்கு இரத்தம் ஏற்றாமலே இதய, இரத்தநாள அறுவைச் சிகிச்சை செய்ததை 1977இல் வெளியிட்டது. சிந்தும் இரத்தத்தைச் சேகரித்துச் சுத்தம் செய்து அதே நோயாளிக்குத் திருப்பிக் கொடுப்பது, அறுவைக்கு முன்பே இரும்புச்சத்தை ஏற்றிவைப்பது போன்ற முறைகள் இன்று எல்லோருக்கும் பயன்படுகின்றன.

ஆனால் இவை எல்லா நோய்க்கும் போதாது. இரத்தப் புற்றுநோய் வந்த ஒரு பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். கொடுக்கும் மருந்து புற்றணுக்களை அழிக்கும்போது, எலும்பு மஜ்ஜையில் நல்ல அணுக்கள் உருவாவதையும் சில வாரங்களுக்கு நிறுத்திவிடும். சிவப்பணு குறைந்தால் மூச்சு வாங்கும். தட்டணு குறைந்தால் பல் தேய்த்தாலே ஈறில் இரத்தம் கசியும். அதே கசிவு மூளையில் ஏற்பட்டால் பிள்ளை பிழைக்காது. மஜ்ஜை மீண்டும் வேலை செய்யும்வரை வெளியிலிருந்து அணுக்களைக் கொடுத்துத்தான் அந்த வாரங்களைக் கடக்க முடியும். இரத்தம் கூடாதென்றால் மருந்தையே குறைக்க வேண்டும். மருந்தைக் குறைத்தால் நோய் மிஞ்சும்.

இன்னொன்றையும் சொல்லாமல் போக முடியாது. இதே சபை 1952 வரை தடுப்பூசியை எதிர்த்தது. பிறகு அந்த எதிர்ப்பைக் கைவிட்டது. 1967இல் உறுப்பு மாற்றுச் சிகிச்சை கூடாது என்றது. 1980இல், அது அவரவர் மனசாட்சியைப் பொறுத்தது என்று மாற்றிக்கொண்டது. இடைப்பட்ட அந்தப் பதின்மூன்று ஆண்டுகளை நினைத்துப் பாருங்கள். போதனையைத் திருத்திக்கொள்ள ஒரு சபைக்கு அவகாசம் இருக்கிறது. எந்த மதத்துக்கும் இருக்கிறது. அந்தப் போதனைக்காகச் சிகிச்சை மறுக்கப்பட்ட பிள்ளைக்கு அந்த அவகாசம் கிடைப்பதில்லை. என்னை இந்தப் பக்கம் நிற்கவைக்கும் காரணம் இதுதான்.

[திரையில்: மருத்துவமனைப் படுக்கை, ஜன்னல் வெளிச்சம்]

கைக்குழந்தை என்றால் முடிவெடுப்பது அவ்வளவு கடினமில்லை. பதினைந்து வயதுப் பையன் என்றால்?

1990இல் இங்கிலாந்தில் அப்படி ஒரு வழக்கு வந்தது. இரத்தப் புற்றுநோய் வந்த அந்தப் பையனுக்குப் பதினாறு வயது நிரம்பச் சில மாதங்களே இருந்தன. பெற்றோர் மட்டுமல்லாமல் அவனும் இரத்தம் வேண்டாம் என்றான். நீதிபதி வார்ட் அவனோடு நேரில் பேசினார். அவனுடைய அறிவும் அமைதியும் அவருக்குத் தெளிவாகத் தெரிந்தன. ஆனாலும் தான் எப்படிச் சாகப்போகிறோம் என்பதை, அந்த மூச்சுத் திணறலை, அச்சத்தை, தன் கண்ணெதிரே பெற்றோர் படப்போகும் வேதனையை அவன் முழுமையாக உணரவில்லை என்று முடிவுசெய்து, இரத்தம் ஏற்ற உத்தரவிட்டார். பையன் பிழைத்தான். பதினெட்டு வயதைக் கடந்த பிறகு நோய் திரும்ப வந்தது. இப்போது அவன் சட்டப்படி பெரியவன். இரத்தம் வேண்டாம் என்றான். யாராலும் தடுக்க முடியவில்லை. இறந்துபோனான்.

அப்படியானால் அந்த உத்தரவால் என்ன பயன் என்று கேட்பவர்கள் உண்டு. கொடுமையைத் தள்ளிப்போட்டதுதான் மிச்சம் என்கிறார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. பதினைந்தில் அவன் அறிந்த உலகம் வீடும் சபையும்தான். அதற்குப் பிறகு கிடைத்த ஆண்டுகளில் அவன் மனம் மாறியிருக்கலாம், மாறாமலும் இருந்திருக்கலாம். மாறவில்லை. கடைசியில் எடுத்தது அவனுடைய முடிவு என்று நாம் உறுதியாகச் சொல்ல முடிவதற்கு அந்த ஆண்டுகளே காரணம்.

கனடாவில் இதே கேள்வி, குடல் அழற்சி நோயால் உள்ளே இரத்தம் கசிந்துகொண்டிருந்த பதினான்கு வயதுப் பெண்ணின் வழக்கில் எழுந்தது. 2009இல் அந்நாட்டின் உச்ச நீதிமன்றம், இரத்தம் ஏற்ற உத்தரவிட்டது செல்லும் என்றது. கூடவே, பிள்ளையின் நலன் எது என்று தீர்மானிக்கும்போது அதன் முதிர்ச்சிக்கேற்ப அதன் குரலுக்கும் எடை கொடுத்தாக வேண்டும் என்றும் சொன்னது. வயதை மட்டும் பார்த்துக் கோடு கிழிப்பதைவிட இது மேல். ஆனால் அவசரச் சிகிச்சைப் பிரிவில், இரவு இரண்டு மணிக்கு, ஒரு பிள்ளையின் முதிர்ச்சியை யார் அளப்பது? இதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை.

[திரையில்: கேரளத்துப் பள்ளி, காலை வழிபாட்டு வரிசை]

இந்தியாவுக்கு வருவோம். 1985இல் கேரளத்தில் மூன்று பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நீக்கினார்கள். தேசிய கீதம் ஒலிக்கும்போது மரியாதையோடு எழுந்து நின்றார்கள், பாடவில்லை. குற்றம் அவ்வளவுதான். அவர்களும் யெகோவாவின் சாட்சிகள். பிஜோ இம்மானுவேல் வழக்கில் 1986இல் உச்ச நீதிமன்றம் பிள்ளைகளின் பக்கம் நின்றது. நம் மரபு சகிப்புத்தன்மையைக் கற்பிக்கிறது, நம் அரசியலமைப்பு அதைக் கடைப்பிடிக்கிறது, அதை நீர்த்துப்போக விட வேண்டாம் என்று நீதிபதி சின்னப்ப ரெட்டி எழுதினார். படிக்கும்போதெல்லாம் என் மனம் நிறைகிற தீர்ப்பு அது. பாடாமல் நின்ற பிள்ளை அடுத்த ஆண்டு பாடலாம். அந்த மௌனத்தால் அதன் உடலுக்கு ஒரு கீறல்கூட இல்லை.

நம் அரசியலமைப்பின் 25ஆவது பிரிவு மதச் சுதந்திரத்தைத் தருகிறது. அது எப்படித் தொடங்குகிறது என்று பாருங்கள். பொது ஒழுங்கு, ஒழுக்கநெறி, உடல்நலம் ஆகியவற்றுக்கு உட்பட்டு என்று தொடங்கி, அதன் பிறகுதான் உரிமையைச் சொல்கிறது. உடல்நலம் என்ற சொல் பிறகு எந்த நீதிபதியும் சேர்த்ததில்லை. முதல் வரியிலேயே எழுதிவைத்திருக்கிறார்கள்.

தமிழ்நாட்டுக்கும் இந்தக் கேள்வி புதிதில்லை. கோயிலில் சிறுமிகளுக்குப் பொட்டுக் கட்டி நேர்ந்துவிடும் வழக்கத்தை ஒழிக்க டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி போராடியபோது, அது சமயம், மரபு, கை வைக்காதே என்றுதான் எதிர்ப்பு வந்தது. 1947இல்தான் சென்னை மாகாணத்தில் தடைச் சட்டம் நிறைவேறியது. பொட்டுக் கட்டும்போது அந்தச் சிறுமியிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அந்த வயதில் அவளுக்கு என்ன புரிந்திருக்கும்?

என் வீட்டுக்கும் இதே அளவுகோலைக் கொண்டுபோக வேண்டும். தங்கை மகளுக்குக் காது குத்தியபோது நான்தான் தாய்மாமன். என் மடியில் உட்காரவைத்தார்கள். பத்தர் காது மடலில் ஒரு புள்ளி வைத்து, கம்பியின் நுனியை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "மாமா, கையை இறுக்கிப் பிடிச்சுக்கோங்க" என்றார். பிடித்தேன். குத்திய கணத்தில் குழந்தைக்கு அழுகை வரவில்லை. வாய் திறந்தபடி மூச்சு அப்படியே நின்றது. பிறகுதான் வீறிட்டாள். சுற்றி எல்லோரும் சிரித்துக்கொண்டே சர்க்கரையை நீட்டினார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அந்தச் சின்னக் கைகள் என் பிடியிலிருந்து விடுபடத் திமிறியது இன்னும் என் உள்ளங்கையில் இருக்கிறது.

அதற்காகக் காதுகுத்தைத் தடைசெய்ய வேண்டும் என்று சொல்ல மாட்டேன். கம்மல் வேண்டாமென்றால் நாளை அவளே கழற்றிவிடலாம். மொட்டை போட்ட முடி வளர்ந்துவிடும். சுத்தமான ஊசியா என்று கேட்பதோடு அரசு நிறுத்திக்கொள்ளலாம். உடலில் நாம் செய்வது எவ்வளவு ஆழமாக, எவ்வளவு மீளமுடியாததாக ஆகிறதோ, அவ்வளவுக்கு அந்த உடலுக்குச் சொந்தக்காரர் வளரும்வரை காத்திருக்க வேண்டும். உயிரே போகும் இடத்தில் பெற்றோரின் நம்பிக்கைக்குக் கையெழுத்திடும் உரிமை இருக்கக் கூடாது.

[திரையில்: டொரண்டோ, 1983]

பெற்றோரைப் பற்றி இன்னும் பேச வேண்டும். அவர்களைக் கொலைகாரர்கள்போலப் பேசுவது எனக்குப் பிடிப்பதில்லை.

1983இல் டொரண்டோவில் நாலு வாரம் முன்னதாகவே ஒரு பெண் குழந்தை பிறந்தது. பெற்றோர் யெகோவாவின் சாட்சிகள். மற்ற எல்லாச் சிகிச்சைக்கும் சம்மதித்தார்கள்; இரத்தம் மட்டும் வேண்டாம் என்றார்கள். ஒரு மாதத்தில் குழந்தையின் ஹீமோகுளோபின் ஆபத்தான அளவுக்கு இறங்கியது. குழந்தைகள் நல அமைப்பு நீதிமன்றத்துக்குப் போய், 72 மணி நேரத்துக்குக் குழந்தையைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. பிறகு கண் அழுத்த நோய் இருக்கலாம் என்ற சந்தேகத்தால் பொறுப்பு மேலும் 21 நாள் நீண்டது. கண் பரிசோதனையும் அறுவையும் நடந்தபோது இரத்தம் ஏற்றினார்கள். அதன் பிறகு குழந்தையைப் பெற்றோரிடமே திருப்பிக் கொடுத்தார்கள்.

பெற்றோர் விடவில்லை, வழக்கை மேலே மேலே கொண்டுபோனார்கள். கனடாவின் உச்ச நீதிமன்றம் 1995 ஜனவரியில் தீர்ப்புச் சொன்னது. பெற்றோரின் மத உரிமை மீறப்பட்டது உண்மை, ஆனால் அந்த மீறல் நியாயமானது என்றார்கள் ஒரு சாரார். குழந்தையின் உயிரை ஆபத்தில் வைக்கும் இடம்வரை அந்த உரிமை நீளவே நீளாது என்றார்கள் மற்றவர்கள். எனக்கு முதல் வழி பிடித்திருக்கிறது. அவர்களிடமிருந்து எதையோ பறித்தோம் என்று அது ஒப்புக்கொள்கிறது. எந்த வழியில் போனாலும், இரத்தம் ஏற்றியது சரியே என்பதில் அத்தனை நீதிபதிகளும் ஒன்றாக நின்றார்கள்.

பெற்றோர் தோற்றார்கள். ஆனால் அவர்களின் வழக்குச் செலவை அரசே கொடுக்க வேண்டும் என்று கீழ் நீதிமன்றம் போட்டிருந்த உத்தரவை உச்ச நீதிமன்றம் மாற்றவில்லை. தோற்றவருக்கு அப்படிக் கிடைப்பது அரிது. தீர்ப்பு வந்த அன்று அந்தக் குழந்தைக்கு வயது பதினொன்று.