எட்டாம் நாளில் தாய்

அவையோருக்கு வணக்கம். யூதக் குடும்பத்தில் ஆண் குழந்தை பிறந்தால் எட்டாம் நாள் பகலில் விருத்தசேதனம், அதாவது ஆண்குறியின் முன்தோலை நீக்கும் சடங்கு. பிறந்த நாளும் கணக்கில் சேரும். செவ்வாய்க்கிழமை பகலில் பிறந்த பிள்ளைக்கு அடுத்த செவ்வாய். இந்தச் சடங்கில் தாய் படும் பாட்டைத்தான் இன்று பேசப்போகிறேன்.

அன்று அவளுக்குத் தையல் ஆறியிருக்காது. உதிரப்போக்கு நின்றிருக்காது. பிரசவத்துக்குப் பின் காரணமில்லாமல் அழுகை வருவது பல பெண்களுக்கு உண்டு. இரண்டு வாரம் வரை நீடிக்கலாம். எட்டாம் நாள் அதற்குள்ளேயே வந்துவிடுகிறது. வீடு நிறைய விருந்தாளிகள் வேறு.

ஏன் எட்டாம் நாள் என்று யூதர்களின் பழைய சட்ட விளக்க நூலான தால்மூத் கேட்கிறது. தாய்க்கு ஏழு நாள் தீட்டு. அதற்குள் சடங்கை வைத்தால் ஊரார் மகிழ்ந்திருக்க, பெற்றவர்கள் மட்டும் விலகி வாடுவார்களே என்பது அது சொல்லும் காரணம். நாள் குறிக்கும்போது அவளை நினைத்தவர்கள், சடங்கு நடக்கும் இடத்தில் அவளுக்கு ஒரு வேலையும் வைக்கவில்லை. கடமை தகப்பனுடையது. 13ஆம் நூற்றாண்டு ஜெர்மனியில் ரோத்தன்பர்க் மெயிர் என்ற ரபி, அதாவது யூத மதகுரு, தொழுகைக்கூடத்தில் பெண் உட்கார்ந்து குழந்தையை மடியில் ஏந்துவதைக் கண்டித்தார். கண்டித்தார் என்றால் அப்படி ஏந்திய பெண்கள் இருந்தார்கள் என்றுதானே பொருள்!

ஐரோப்பிய யூதர் வழக்கில், தாயிடமிருந்து குழந்தையை ஒரு பெண் வாங்கித் தன் கணவரிடம் கொடுப்பார். அப்படிக் கைமாறி, சந்தக் என்னும் பெரியவர் மடிக்குப் போகும். சடங்கைச் செய்யும் மோஹெல் முன்தோலை அறுத்து, உள்சவ்வை விலக்கி, இரத்தத்தை உறிஞ்சி எடுத்துக் கட்டுப்போடுவார். அறுப்பது சில நொடிதான். பிள்ளை பெரும்பாலும் துணியை அவிழ்த்துக் காலைப் பிடித்ததுமே வீறிடும். பக்கத்து அறையில் நிற்கும் தாய்க்கு அந்த முதல் அழுகையே கத்தி பட்ட அழுகை. கேட்டதும் பால் சுரந்து சட்டை நனையும். "தாய் தன் வயிற்றுக் கனியால் களிகூரட்டும்" என்று அங்கே வாழ்த்தும்போது அவள் பல வீடுகளில் கதவுக்கு வெளியேதான். இது எனக்கு ஒப்பவில்லை. உள்ளே வருவதா, வெளியே நிற்பதா என்று அவளிடம்தான் கேட்க வேண்டும்.

சடங்கு முடிந்தால் காயம் அவள் பொறுப்பு. மோஹெல் முந்தின நாளே அவளிடம் நேரில் சொல்ல வேண்டியவை உண்டு. கட்டுத்துணி ஒட்டிக்கொண்டால் இழுக்கக் கூடாது. வெந்நீரில் அல்ல, வெதுவெதுப்பான நீரில் நனைத்து விட வேண்டும். இரண்டு மூன்று நாளில் படியும் மஞ்சள் படலம் சீழ் அல்ல, ஆறுவதன் அடையாளம்; இது தெரியாமல் இரவெல்லாம் தவித்துப்போகும் தாய்மார் உண்டு. துணியில் சிறு பொட்டு இரத்தம் இருந்தால் பயமில்லை. கறை பெரிதாகிக்கொண்டே போனாலும், அரை நாளாகச் சிறுநீர் பிரியாவிட்டாலும் உடனே மருத்துவர். மஞ்சள் காமாலை இருந்தால் சடங்கையே தள்ளிவைப்பார்கள், நியமமே அப்படித்தான்.

தாய்வழியில் யாருக்காவது இரத்தம் நிற்காத நோய் உண்டா என்பதையும் அவள் முன்னதாகவே சொல்ல வேண்டும். தால்மூத் சொல்லும் ஒரு நிகழ்ச்சி: கலிலேயா நாட்டுச் செப்போரிஸ் ஊரில் நான்கு சகோதரிகள். மூத்தவள் மகன் விருத்தசேதனத்தில் இறந்தான். இரண்டாமவள் மகனும் இறந்தான், மூன்றாமவள் மகனும் இறந்தான். நான்காமவள் ரபான் சிமியோன் பென் கமாலியேல் என்ற யூத குருவிடம் வந்தாள். அவர், "செய்ய வேண்டாம்" என்றார்.