சொந்த உலையில் எது சொந்தம்?

அவையோருக்கு வணக்கம்.

தென் கொரியாவின் முதல் அணுமின் உலை கோரி 1. வணிக ரீதியில் மின் உற்பத்தி தொடங்கியது 1978-இல். அமெரிக்காவின் வெஸ்டிங்ஹவுஸ் கட்டி முடித்துச் சாவியைக் கையில் கொடுத்தது. கட்டிய வீட்டை வாங்கியவனுக்குச் சுவருக்குள் ஒயர் எங்கே ஓடுகிறது என்று தெரியுமா? கொரியர்களும் அப்படித்தான் இருந்தார்கள்.

கோரி 1 அழுத்த நீர் உலை வகை. அதைப் பிரஷர் குக்கர் என்பார்கள். எனக்கு அந்த ஒப்புமை பிடிக்காது. குக்கரில் நீர் கொதித்தாக வேண்டும். இங்கே 300 பாகை செல்சியஸைத் தாண்டியும் கொதிக்கவே கூடாது. அதற்குத்தான் வளிமண்டலத்தைப் போல சுமார் 150 மடங்கு அழுத்தம். நீராவி பிறப்பது வேறொரு சுற்றில். கூடங்குளத்தில் ஓடும் ரஷ்ய உலைகளும் இந்த வகைதான். இந்தப் படத்தைக் கல்லூரி மாணவனே வரைந்துவிடுவான். யாரும் வெளியே விடாதது கணக்கை: ஒரு குழாய் உடைந்தால் எந்த நொடியில் எங்கே எவ்வளவு சூடேறும் என்று சொல்லும் கணினி நிரல்களை.

1979-இல் அமெரிக்காவில் திரீ மைல் ஐலண்ட் அணு உலை விபத்து. அங்கே புது உலைக்கு ஆர்டர் நின்றுபோனது. உலை செய்யும் அமெரிக்க நிறுவனமான கம்பஷன் இன்ஜினியரிங்குக்கு வேலை தேவைப்பட்டது. கொரியா சமயம் பார்த்தது. 1987 ஒப்பந்தத்தில் உலையோடு வரைபடம், நிரல், பயிற்சி எல்லாவற்றையும் கேட்டு வாங்கியது. பட்டறையில் தங்கித் தொழில் பழகுவதுபோல, கொரியப் பொறியாளர்கள் கனெக்டிகட் மாநிலத்து விண்ட்சருக்குப் போய், அந்நிறுவனத்தாரோடு உட்கார்ந்து வடிவமைத்தார்கள். 1300 மெகாவாட் வடிவத்தை 1000-க்குச் சுருக்கியதில் வந்தவை யோங்வாங் 3, 4 உலைகள். பிறகு 1400 மெகாவாட்டில் ஏபிஆர் 1400 என்ற கொரிய வடிவம். 2009-இல் ஐக்கிய அரபு அமீரகத்துக்கு நான்கை விற்றே விட்டார்கள்.

ஆனாலும் உலையின் பிரதான பம்பும் கட்டுப்பாட்டு அறையின் அமைப்பும் வெளியிலிருந்துதான் வந்துகொண்டிருந்தன. பிரம்மாண்டமான உலைக் கலனையே உருவாக்கத் தெரிந்தவர்களுக்கு ஒரு பம்பு இத்தனை காலம் பிடித்தது! அவற்றையும் உள்நாட்டிலேயே செய்து பொருத்திய ஷின் ஹானுல் 1 உலை, 2022 டிசம்பரில் வணிக உற்பத்திக்கு வந்தது.

வேடிக்கையைப் பாருங்கள். அதற்கு இரண்டு மாதம் முன்புதான் வெஸ்டிங்ஹவுஸ் கொரியர்கள்மீது அமெரிக்க நீதிமன்றத்துக்குப் போயிருந்தது. கம்பஷனின் அணுத்தொழில் கைமாறிக் கைமாறி அதற்குள் அவர்களிடம் வந்திருந்தது. ‘உங்கள் உலைக்குள் எங்கள் தொழில்நுட்பம் இருக்கிறது, இஷ்டப்படி ஏற்றுமதி செய்ய முடியாது’ என்பது வழக்கு. 2025 ஜனவரியில் சமரசம் செய்துகொண்டார்கள். செக் நாட்டின் துகோவானி உலைகளுக்குக் கொரியா கையெழுத்திட்டது அதற்குப் பிறகு, ஜூனில்.